அச்சுக்குச் செல்லுமுன் ஆராய்ச்சிக் கட்டுரை

விஞ்ஞானி ஒருவர் கண்டறிந்த உண்மையை உலகம் ஏற்றுக்கொள்ள வேண்டுமாயின், அதனை அவர் ஆராய்ச்சிச் சஞ்சிகை ஒன்றில் கட்டுரையாக வெளியிடுதல் இன்றியமையாதது. சோதனை முடிவதோடு அவருடைய பணி முடிந்துவிடுவதில்லை. பல மாதங்கள் உழைத்துக் கண்டவற்றை, அச்சோதனையைக் கண்ணால் காணாத ஒருவர் படித்து, அவ்வண்ணமே தாமும் செய்து பார்க்கும்படி எழுதி முடித்தால்தான் ஆராய்ச்சி நிறைவு பெறும். பெங்களூரிலும் புனேயிலும் கரக்பூரிலும் டில்லியிலும் ஆராய்ச்சி பயிலும் நம் இளைஞர்கள் பலர், சோதனைக்குச் செலுத்தும் கவனத்தில் கால் பங்கைக்கூட இறுதிப் பிரதிக்குச் செலுத்துவதில்லை. அப்பிரதியை எங்ஙனம் செம்மை செய்வது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, நம்மைப் போலவே ஊரை விட்டு வெளியூர் சென்று வாழ்ந்த இருவரிடமிருந்து கிடைக்கிறது. திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சி. வி. இராமன், 1907-இல் அரசாங்க நிதித்துறை உத்தியோகத்தை ஏற்றுக் கல்கத்தா சென்றார். அங்கே ஓய்வு நேரத்தில் விஞ்ஞான ஆராய்ச்சி செய்துவந்த அவர், பின்னர் அதனையே முழுநேரப் பணியாகக் கொண்டார். அவரும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து 1928 பிப்ரவரி 16-ஆம் நாள் இலண்டனிலுள்ள ‘நேச்சர்’ பத்திரிகைக்குச் சிறு குறிப்பு ஒன்றை அனுப்பினர். அது மார்ச் 31-இல் வெளியாயிற்று. பின்னர் ‘இராமன் விளைவு’ எனப் பெயர்பெற்ற கண்டுபிடிப்பைப் பற்றியதே அக்குறிப்பு.

அச்சிறு குறிப்பில் அடங்கியிருந்தவை யாவை? முதலாவது, கருவியின் அளவுகள். 18 சென்டிமீட்டர் துவாரமும் 230 சென்டிமீட்டர் குவிய தூரமும் உடைய தொலைநோக்கி வில்லையினால் சூரிய ஒளியைக் குவித்த செய்தி அதில் உள்ளது. இரண்டாவது, சோதனை முறை. நீல ஊதா வடிகட்டி, மஞ்சட் பச்சை வடிகட்டி ஆகிய இரண்டையும் சேர்த்து ஒளி புகும் வழியில் வைத்தால், திரவத்தினுள் தெரியும் ஒளித்தடம் முற்றிலும் மறைந்துவிடுகிறது. மஞ்சள் வடிகட்டியை மட்டும் எடுத்துத் திரவத்திற்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் இடையே வைத்தாலோ, தடம் மீண்டும் தோன்றுகிறது. உட்புகுந்த ஒளியில் இல்லாத நிறம் வெளிவரும் ஒளியில் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? மூன்றாவது, சுமார் அறுபது திரவங்களைச் சோதித்தும் அனைத்திலும் இது காணப்பட்டது என்னும் செய்தி. நான்காவதாக, “இது சாதாரண ஒளிர்வுதானே?” என்று படிப்பவர் கேட்கக்கூடிய ஐயத்தை முன்னரே எண்ணி, அது அன்று என்பதற்கு இரண்டு காரணங்களையும் ஆசிரியர்கள் கூறிவிட்டனர்.

இறுதிப் பிரதியின் இலக்கணம் இதில் அடங்கியுள்ளது. கட்டுரை அச்சேறிய பின் ஆசிரியர் அதன் அருகில் நின்று விளக்கம் சொல்ல இயலாது. ஆதலின் படிப்பவர் கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் விடை தாளிலேயே இருத்தல் வேண்டும்.

விரைவும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. அதே 1928 பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்னும் இரு விஞ்ஞானிகளும் படிகத்தில் இதே விளைவைக் கண்டனர். ஆயினும் அவர்களது கட்டுரை ஜூலை மாதத்தில்தான் வெளிவந்தது. இராமனோ மார்ச் 16-இல் பெங்களூரில் நிகழ்த்திய விரிவுரையையும் அம்மாத இறுதிக்குள் கல்கத்தாவில் அச்சேற்றி, அதன் பிரதிகளை அயல்நாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பிவிட்டார். 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கே கிட்டியது. எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இனி, பிரதியை அனுப்புமுன் நாம் செய்யவேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலில், நாம் தேர்ந்தெடுத்த சஞ்சிகை எழுத்தாளர்களுக்கு வகுத்துள்ள விதிகளை முழுவதும் படித்தல் வேண்டும். சொல்லின் வரம்பு, படங்களின் அளவு, மேற்கோள் காட்டும் முறை ஆகியவை சஞ்சிகைக்குச் சஞ்சிகை வேறுபடும். விதிக்கு மாறான பிரதி, அதன் பொருளை எவரும் நோக்குமுன்னரே திரும்பி வருவதுண்டு.

அடுத்து, எண்களைச் சரிபார்த்தல். சுருக்கத்திலுள்ள எண்ணும், அட்டவணையிலுள்ள எண்ணும், முடிவுரையிலுள்ள எண்ணும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் அலகு உண்டா, ஒவ்வொரு படத்தின் அச்சுக்கும் பெயர் உண்டா என்று பார்த்தல் வேண்டும். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராம் என மாறிவிட்டால் பிழை ஆயிரம் மடங்காகும். மருந்தைப் பற்றிய கட்டுரையில் இப்பிழை நேர்ந்தால் அதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவதாக, மேற்கோள்கள். நாம் குறிப்பிடும் ஒவ்வொரு பழைய கட்டுரையையும் நாமே எடுத்துப் படித்திருத்தல் வேண்டும். கணிப்பொறியே கட்டுரை எழுதித் தரும் இக்காலத்தில், இல்லாத கட்டுரையின் பெயரும் உண்மைபோல் வந்து நுழைந்துவிடுகிறது. அத்தகைய துணையைப் பயன்படுத்தியிருந்தால், சஞ்சிகையின் விதிப்படி அதனை வெளிப்படையாகக் கூறுதலே நேர்மை. பிழைக்குப் பொறுப்பு கணிப்பொறியுடையது அன்று, பெயரிட்டவருடையதே.

நான்காவது, பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாய் நிற்கிறது. முருகேசனின் மகன் செல்வம் ‘எம். செல்வம்’ ஆகிறார். வெளிமாநிலத்துப் படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கின்றன. ஒரு படிவத்தில் அவர் ‘செல்வம் முருகேசன்’ என்று எழுதிவிட்டால், சஞ்சிகை அதனை ‘முருகேசன், எஸ்.’ என்று அச்சிடும். அடுத்த கட்டுரை ‘செல்வம், எம்.’ என்று வரும். அட்டவணையில் இவர்கள் இரு வேறு மனிதர்கள். ஒரு வரிகூட எழுதாமலேயே தந்தையார் ஆராய்ச்சியாளராகி விடுவார். மகனுக்கோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பாதி உழைப்புக் கணக்கில் வராமற் போகும். ஆகவே முதற் கட்டுரையிலேயே ஒரு பெயர்வடிவத்தைத் தீர்மானித்து, இறுதிவரை அதனையே கையாளுதல் வேண்டும். 2012 முதல் ‘ஆர்க்கிட்’ என்னும் பதினாறு இலக்க அடையாள எண்ணும் ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. அதனைப் பெற்றுக்கொள்வதும் நன்று.

உடன் உழைத்தோர் பெயர்களும் அவ்வாறே. உழைத்தவர் பெயரை விடுவதும், உழையாதவர் பெயரைச் சேர்ப்பதும் ஒருங்கே குற்றமாகும். இறுதிப் பிரதியை அனைவரும் படித்து இசைவு தந்த பின்னரே அனுப்புதல் முறை.

பிரதியைப் பத்திராசிரியர் திருப்பி அனுப்பினால் மனம் தளரவேண்டியதில்லை. கணித மேதை சீனிவாச இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. அவருடைய எழுத்து மிகச் சுருங்கியதாயும், இடைப்படிகள் இன்றியும் இருந்தமையால், பத்திராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதனைப் பன்முறை திருத்தி எழுதும்படி திருப்பி அனுப்ப நேர்ந்தது. மேதையின் கணக்குக்கே விளக்கம் தேவைப்பட்டதென்றால், நம் கட்டுரைக்குக் கேட்கப்படும் விளக்கத்தை அவமதிப்பாய்க் கொள்ளலாமா? மதிப்புரையாளர் எழுப்பிய கேள்வி ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே பணிவுடன் விடை எழுதி, பிரதியில் எங்கே திருத்தினோம் என்பதையும் சுட்டுதல் வேண்டும். அவர் கூற்று தவறு என்று தோன்றினால், காரணம் காட்டி மறுப்பதும் நம் உரிமையே.

இறுதியாக, அச்சுப் படி வரும். அதனைத் திருத்தப் பெரும்பாலும் சில நாட்களே கிடைக்கும். புதிய கருத்துகளைச் சேர்க்கும் இடம் அது அன்று. தசமப் புள்ளி, கழித்தற் குறி, கிரேக்க எழுத்து, பெயரின் எழுத்துக் கோவை ஆகியவற்றை அங்கே காணவேண்டும். நண்பர் ஒருவரை மூலப் பிரதியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, நாம் அச்சுப் படியைப் பார்த்துவருதல் பழைய வழி. இன்றும் அதற்கு நிகரான வழி வேறில்லை. எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை எளிதில் தெரிவதில்லை.

பிரதியை அனுப்புமுன் ஒருநாள் அதனை மூடி வைப்போம். மறுநாள் எடுத்து, நம்மை அறியாத ஒருவர், நாம் காணாத ஊரில், இதனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நம் சோதனையைச் செய்யத் தொடங்குகிறார் என்று எண்ணிக்கொண்டு படிப்போம். அவர் எவ்விடத்தில் தயங்கி நிற்பாரோ, அவ்விடத்தில் இன்னும் ஒரு வாக்கியம் எழுதிச் சேர்ப்போம்.