கெஸ்தோ: டெக்னோவை நாலு சிடியில் கழற்றிப் போடுவது

பான் சோனிக்கின் 'கெஸ்தோ' 2004ல் வந்தது. நாலு சிடி. தலைப்போடு மொத்த நீளத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள்: 234 நிமிடம் 48 விநாடி. கெஸ்தோ என்றால் ஃபின்னிஷ் மொழியில் கால அளவு. தாக்குப்பிடிப்பது என்கிற அர்த்தமும் அந்த வேரிலேயே இருக்கிறது. ஆக, "எவ்வளவு நேரம் ஓடும்" என்பதையும் "எவ்வளவு நேரம் தாங்குவீங்க" என்பதையும் ஒரே சொல்லில் கேட்டுவிடுகிறார்கள்.

இதை டெக்னோ ஆல்பம் என்று சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். நாலாவது சிடியில் ஒரே ஒரு டிராக்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல, அதிலும் தாளம் கிடையாது. இதுல டெக்னோ எங்கேய்யா இருக்கு? நியாயமான கேள்வி. நான் சொல்வது இதுதான்: நாலையும் வரிசையாக ஒரே நாளில் கேட்க வேண்டும். டெக்னோ என்கிற மெஷினை ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் மிச்சமிருப்பது மின்சாரம் மட்டும்.

ஆட்கள் யார் என்று சுருக்கமாக. மிகா வைனியோ, இல்போ வைசனென். ஃபின்லாந்தின் துர்கு நகரத்தில் ஆரம்பித்தவர்கள். முதலில் இவர்கள் பெயர் பானாசோனிக். அந்தப் பெயரில் பெரிய கம்பெனி ஒன்று இருப்பதால் ஆட்சேபம் வந்தது. ஒரு 'ஏ'வை எடுத்துவிட்டு பான் சோனிக் ஆனார்கள். எடுத்த எழுத்தையும் வீணாக்கவில்லை, 1999ல் வந்த ஆல்பத்துக்கு 'ஏ' என்றே பெயர் வைத்தார்கள். இவர்களுடைய ஆரம்பம் சாஹ்கோ என்கிற ஃபின்னிஷ் லேபிளில். சாஹ்கோ என்றால் மின்சாரம். இது முக்கியம், திரும்ப வருகிறேன்.

'இண்டஸ்ட்ரியல்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வருவது சம்மட்டி, தகரம், டிரில்லிங் மெஷின். 1980ல் பெர்லினில் ஆரம்பித்த ஐன்ஷ்டுர்ட்செண்டே நொய்பாட்டன் அதை மேடையிலேயே செய்தார்கள், நிஜ இரும்பை நிஜமாகவே தட்டினார்கள். அதற்கு முன்பே, 1976ல், இங்கிலாந்தின் த்ராபிங் கிரிஸ்ல் குழுவினர் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு லேபிளே தொடங்கியிருந்தார்கள். பின்னால் வந்த பல டெக்னோ தயாரிப்பாளர்கள் இந்த மரபிலிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் சத்தத்தின் படத்தைத்தான். ஒரு கிக் டிரம், அதன் மேல் தொழிற்சாலை சாம்பிள் கொஞ்சம், நிறைய எக்கோ. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அது சுவரில் மாட்டிய ஃபேக்டரி போட்டோ மாதிரி.

பான் சோனிக் அங்கே போகவில்லை. தொழிற்சாலையை ஓட்டுவது எதுவோ அதையே வாத்தியமாக வைத்துக்கொண்டார்கள். யாரி லெஹ்தினென் என்பவர் இவர்களுக்காகவே கையால் செய்து கொடுத்த ஆஸிலேட்டர்கள், டோன் ஜெனரேட்டர்கள். கம்ப்யூட்டரில் அடுக்கி ஒட்டுகிற வழக்கம் இல்லை. வாசிப்பதை அப்படியே ரெண்டு டிராக்கில் நேரடியாகப் பதிவு செய்கிற ஆட்கள். கச்சேரியில் பின்னால் திரையில் அவர்கள் எழுப்பும் ஒலியின் அலைக்கோடு மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். வேறு காட்சி எதுவும் கிடையாது.

ஈ.பி. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். அந்த 'ம்ம்ம்' சத்தத்தின் அடிப்படை 100 ஹெர்ட்ஸ். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் மாறுகிறது; உள்ளே இருக்கும் இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு தடவை நீண்டு சுருங்குகிறது, அதனால் இரட்டிப்பு. ஃபின்லாந்திலும் 50தான், நமக்கும் 50தான். அமெரிக்காக்காரனுக்கு 60, அவன் ஊர் டிரான்ஸ்ஃபார்மருக்கு சுருதி கொஞ்சம் மேலே. துர்குவும் திருச்சியும் ஒரே சுருதியில் ரீங்கரிக்கின்றன என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

இனி சிடிகள். முதலாவது அடி. உறுமல், கிழிசல், நெஞ்சில் குத்துகிற தாளம். கிடாரை நார்நாராகக் கிழிக்கிற மாதிரி சில இடங்கள். இது பிடிக்காமல் இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், பாவம். இரண்டாவதில் தாளம் இருக்கிறது, ஆனால் உறுமல் அடங்கிவிடுகிறது. அடிக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி தெரிய ஆரம்பிக்கிறது. மூன்றாவதில் தாளம் என்று பிடித்துக்கொள்ள பெரிதாக எதுவும் இல்லை. வெறும் அறை, காற்று, தூரத்தில் எதுவோ ஓடுவது போல. நாலாவதில் 'சாதெய்லு', அதாவது கதிர்வீச்சு. ஒரு நீண்ட ரீங்காரம், கவனிக்க முடியாத வேகத்தில் மாறிக்கொண்டு.

முதல் சிடியும் நாலாவது சிடியும் எதிரெதிர் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் இயற்பியல். சுத்தமான சைன் அலைக்கு ஒரே ஒரு அதிர்வெண்தான். 50 ஹெர்ட்ஸ் சைனை ஆம்ப்ளிஃபயர் தாங்காத அளவுக்கு ஏற்றினால் அலையின் மேலும் கீழும் சப்பையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் 150, 250, 350 என்று புதிய அதிர்வெண்கள் முளைக்கும். அதுதான் டிஸ்டார்ஷன், அதுதான் அந்த உறுமல். ரீங்காரத்தை உடைகிற வரைக்கும் தள்ளினால் முதல் சிடி. தள்ளுவதை நிறுத்திவிட்டால் நாலாவது. பொருள் ஒன்றுதான்.

இதே காரணத்தால்தான் இந்த ஆல்பம் போன் ஸ்பீக்கரில் செத்துப்போகிறது. நம்ம ஊர் சினிமாப் பாட்டின் பேஸ் கிடாரும் போனில் சரியாக வராது, ஆனாலும் நமக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். ஏனென்றால் 50 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 100, 150, 200 எல்லாம் கலந்து வருகின்றன. குட்டி ஸ்பீக்கர் அடியை விட்டுவிட்டாலும், மேலே இருப்பதை வைத்து மூளை அடியை ஊகித்துக்கொள்கிறது. சைன் அலையில் ஊகிக்க எதுவும் இல்லை. அடி போச்சுன்னா எல்லாம் போச்சு. "ஒண்ணுமே கேக்கலையே" என்று ஒருவர் எனக்கு எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே ஒன்றும் வந்திருக்காது.

அதனால் நல்ல ஹெட்போன், இல்லை பெரிய ஸ்பீக்கர். ரெண்டில் எது என்றால் ஸ்பீக்கர். ஹெட்போனில் நாலாவது சிடி ஒரு சுரம். அறையில் அது ஒரு இடம். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், நம் வீட்டு ஹாலை விடப் பெரிசு. அப்படிப்பட்ட ஒலி சுவரில் மோதித் திரும்பி தன்னையே சில இடங்களில் கூட்டும், சில இடங்களில் அழிக்கும். நடுக்கூடத்தில் மெலிந்து கிடப்பது சுவர் மூலையில் போய் நின்றால் வயிற்றில் இறங்கும். தம்புராவுக்குச் சுருதி சேர்த்தவர்களுக்கு இன்னொன்றும் பிடிபடும்: இரண்டு சுரம் துளி விலகி இருக்கும்போது வரும் அந்த அலைவு. 100க்கும் 100.5க்கும் நடுவில் ரெண்டு விநாடிக்கு ஒரு முறை ஒலி ஏறி இறங்கும். மேடையில் அதை அழிக்கத்தான் பிருடையைத் திருப்புவார்கள். இந்த மாதிரி இசையில் அந்த அலைவேதான் தாளம், கிக் டிரம்மைக் கழற்றிய பிறகும் நிற்காத ஒன்று.

வைனியோ 2017 ஏப்ரலில் இறந்துபோனார், 53 வயது. பான் சோனிக் அதற்குச் சில வருஷம் முன்பே முடிந்திருந்தது. புதிதாகக் கேட்பவர்களுக்கு இரண்டாவது சிடியில் ஆரம்பிக்கச் சொல்வேன், அப்புறம் முதலாவது. நாலாவதைப் போடும்போது ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். மெதுவாக எழுந்து அறைக்குள் நடங்கள். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு.