உங்களுக்குத் தெரியுமா? ஆடும் பாற்பல்லின் வேர் எங்கே போயிற்று?

ஆறு வயது வாக்கில் கீழ்வரிசை முன்பல் ஆடத் தொடங்கியதும், தன் தேகத்தின் ஓர் அங்கமே கழன்று போகிறதென்று கலங்கும் குழந்தைக்குச் சொல்லத்தக்க சமாதானம் ஒன்றுண்டு: விழப்போகும் அந்தப் பல்லுக்கு வேர் என்பதே அநேகமாக மிஞ்சியிருப்பதில்லை. அடியிலிருந்து நிரந்தரப் பல் மேலெழுந்து வருகையில், அதன் மார்க்கத்தில் நிற்கும் பாற்பல்லின் வேரைச் சில விசேஷ உயிரணுக்கள் சிறிது சிறிதாகக் கரைத்துவிட, கடைசியில் ஈறு மாத்திரமே அதைப் பற்றிக்கொண்டிருப்பதால்தான், தானாக விழும்போது வலியும் ரத்தமும் சொற்பமாயிருக்கின்றன. இவ்விதம் 20 பற்களும் 12 வயது வாக்கில் உதிர்ந்து தீரும்.

ஆகவே, நூலைக் கட்டிக் கதவோடு இழுக்கும் வைத்தியத்தை (வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான் அது வினோதம்) கைவிட்டு, நாக்கினாலோ கழுவிய விரலாலோ குழந்தையே அசைத்துப் பார்க்க விடுவது உத்தமம். ரத்தம் கசிந்தால், சுத்தமான ஈரத்துணியை மடித்துச் சில நிமிஷம் கடித்திருக்கச் செய்தால் போதும். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது உங்கள் வீட்டு வழக்கமானால், எறியும் பாத்தியதை குழந்தைக்கே இருக்கட்டும்.

பழைய பல் விழாமலிருக்க, அதன் பின்னால் புதுப்பல் தலைகாட்டினால் மட்டும் பல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.