இசைக்கருவியைப் பேணுவோம்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. ஆனால் கிட்டார் பழகும் மாணவியின் விஷயத்தில் சில வேளை கூடமே கோணலாக இருப்பதும் உண்டு. துருப்பிடித்த கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்றிப்போய், "எனக்கு இசை வராது" என்று கருவியை மூலையில் சாய்த்துவிட்டவர்கள் எத்தனையோ பேர்! குறை அவர்களுடைய திறமையில் அன்று, கருவியைப் பேணாததில்தான்.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. அதன்பின் ஆர்மோனியத்தோடு கிட்டாரும் பல ஆலயங்களின் பாடகர் குழுவில் இடம்பெற்றது. அக்கருவியைக் காப்பது எப்படி என்று சிறிது காண்போம்.

முதலில் நம் தஞ்சாவூர் வீணையைப் பார்ப்போம். அதற்கு ஏழு கம்பிகள், 24 மெட்டுகள். மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்பட்டிருக்கும். வாசிப்பவர் அருகில் எண்ணெய் தோய்ந்த பஞ்சுச் சிமிழ் ஒன்று இருக்கும். இடக்கை விரல்களில் அதைத் தொட்டுக்கொண்டால்தான் கமகத்துக்காகக் கம்பியின் மேல் விரல் வழுக்கி ஓடும், தோலும் தேயாது. ஆக, கம்பிக்கு எண்ணெய் என்பது நமக்குப் புதிதல்ல.

கிட்டாருக்கும் அதே வழி பொருந்துமா? ஓரளவுதான். வியர்வையில் நீரும் உப்பும் உள்ளன. அவை எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே வாசிக்கும் முன் கைகளைக் கழுவித் துடைக்க வேண்டும். வாசித்த பின் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைக்க வேண்டும். கம்பிக்கென விற்கும் எண்ணெயைத் துணியில் ஒரு துளி விட்டுத் தடவலாம். திண்டுக்கல் பூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் போதும். மிஞ்சினால் தூசி ஒட்டிச் சாவி சுற்றாது அல்லவா? கம்பியும் அப்படியே. சுருள் சுற்றிய தடித்த கம்பிகளில் எண்ணெய் மிகுந்தால் இடுக்கில் அழுக்கு சேர்ந்து நாதம் மங்கிவிடும். நைலான் நரம்பு துருப்பிடிக்காது. அதற்கு எண்ணெயே வேண்டாம்.

நைலான் நரம்புக்கென்று செய்த கிட்டாரில் எஃகுக் கம்பி பூட்டவும் கூடாது. ஆறு நைலான் நரம்புகளின் இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ. எஃகுக் கம்பிகளுக்கோ ஏறத்தாழ 70 கிலோ. அந்தப் பாரத்தில் கழுத்து வளையும், பாலம் பெயர்ந்துவிடும்.

அடுத்து, விரல் அழுத்தும் பலகை. ஈட்டி மரமோ கருங்காலியோ ஆனால், கம்பி மாற்றும் வேளையில், ஆண்டுக்கு ஓரிரு முறை, அதற்குரிய எண்ணெயை மெல்லியதாகப் பூசி, சிறிது நேரத்தில் முழுவதும் துடைத்துவிட வேண்டும். வார்னிஷ் பூசிய பலகைக்கு எண்ணெய் தேவையில்லை. சமையலறைத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் மரத்துக்கு ஆகா. நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும். பலகையின் மேல்முனையில் கம்பி அமரும் பள்ளத்தில் பென்சில் கரியைச் சிறிது தேய்த்தால், சுருதி சேர்க்கும்போது கம்பி சிக்காமல் நகரும்.

வேடசந்தூர்க் கோடையை நாம் அறிவோம். வறண்ட காற்றில் மரம் சுருங்கும். மெட்டுகளின் ஓரம் வெளியே நீட்டிக் கையைக் கீறும். வீணையின் மெழுகோ வெப்பத்தில் இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். ஆதலால் கருவியை வெயில் படும் சன்னலருகிலும் ஓட்டுக் கூரையின் அடியிலும் வையாமல், உறையிலிட்டு நிழலில் வைப்பதே நலம்.

திருப்பாடல்கள் நூலின் 150-ஆம் பாடல் நரம்பிசையால் இறைவனைப் புகழ அழைக்கிறது. பள்ளியின் கருவி ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. நமக்குப் பின் வரும் தங்கைகளும் அதிலேயே பழக வேண்டும். நாள்தோறும் இரண்டு நிமிடம் துணி கொண்டு துடைப்பது, அவர்களுடைய விரல்களுக்கு நாம் செய்யும் அன்புப் பணியன்றோ!