திண்ணையை மறந்த திருத்தலம்

துபாய்க் கடற்கழியின் ஓரத்தில் அல் ஃபஹீதி வணிகர்கள், மின்சாரம் வாராத காலத்திலேயே பவளக் கல்லால் சுவரெழுப்பி, உயரத்து வீசும் காற்றைக் கோபுரங்களின் வாயிலாக அறைக்குள் இறக்கி, நிழல் அகலாத குறுஞ்சந்துகளிலே சௌக்கியமாக வாழ்ந்ததும், 2008-ல் பணி தொடங்கிய அபுதாபியின் மஸ்தர் நகரம் அந்த மரபையே மீண்டும் கைக்கொண்டதும் வாசகர்கள் அறிந்த செய்திகள். அவ்வீடுகளில் வாயிலை அடுத்து, விருந்தினருக்கென்றே மஜ்லிஸ் என்னும் அறை இருந்தது என்பதே நம் சிந்தனைக்கு உரியது.

கோடையில் பாறையெல்லாம் அனலாகும் அருணாசலத்தின் அடிவாரத்திலும் இத்தகைய ஞானம் இல்லாமற்போகவில்லை. பழைய வீதிகளில் எஞ்சியுள்ள வீடுகளைப் பாருங்கள்: தடித்த செங்கற்சுவர், தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவசமாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து இடித்த தளம், வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழ, அவ்விடத்தை நிரப்பத் தெருக்காற்று ரேழி வழியே உட்புகும் அமைப்பு. இவை யாவற்றுக்கும் முகமாக நின்றது திண்ணை.

அந்தத் திண்ணை மறைவதே என் தீராத கவலை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து கால் சோர்ந்த யாத்ரிகன், கார்த்திகை தீபத்துக்கு வந்து மழையில் நனைந்த முதியவள் ஆகிய இவர்களெல்லாம் யாரையும் கேளாமல் உட்காரும் உரிமையை, வீட்டுக்காரரின் சொந்த நிலத்திலேயே அளித்த தர்மம் அது. இன்றோ அவ்விடத்தைக் கடையும், இரும்புக் கதவும், வாகனம் ஏறும் சரிவும் கவர்ந்துகொண்டன. வீட்டைக் குளிர்விக்கும் இயந்திரம் தன் வெக்கையைத் தெருவில் நடப்பவர்மேல் கொட்டுகிறது.

மனை சுருங்கிற்று, திருட்டுப் பயம் மிகுந்தது என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், 1968-ல் உதயமான ஆரோவில்லில் அழுத்திய மண்கட்டிகளால் மாடி வீடுகளே எழுந்திருக்க, இரண்டடி அகலத் திண்ணைக்கு மட்டும் இடமில்லை என்பது மனத்தின் குறுக்கமேயன்றி மனையின் குறுக்கமாகாது. கிரிவலப் பாதையை ஒட்டிய புதிய மனைப்பிரிவுகளில், தெருவை நோக்கிய நிழலான திண்ணை ஒன்றை விதியாகவே வைக்க வேண்டும். சுண்ணாம்புத் தளம் இடிக்கத் தெரிந்த முதிய கொத்தனார்களிடம் இளைஞர்கள் அவ்வித்தையை இப்போதே பயில வேண்டும். அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கும் இவ்வூருக்கு, அமர ஓர் இடம் கொடுப்பது பெரிய காரியமாகாது.