பழைய கார் மக்கர் செய்கிறதா? பட்டறைக்குப் போகும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

அதிகாலை மூன்றரை மணி. முதல் நாள் மாலை பறித்த கத்திரியும் வெண்டையும் பெட்டி பெட்டியாக ஆம்னி வேனில் ஏற்றியாகிவிட்டது. விடிவதற்குள் உழவர் சந்தைக்குப் போய்க் கடை போட்டால்தான் நல்ல வியாபாரம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினாலும் அதே 'டக்'. அந்த நேரத்தில் எந்த மெக்கானிக்கும் போனை எடுக்க மாட்டார். வாடகை வண்டி பிடித்தால் அன்றைய லாபம் அதிலேயே போய்விடும். மறுநாளைக்கு வைத்தால் காய் வாடிவிடும்.

பழைய கார் வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு இது புதிய கதை இல்லை. 1983-ம் ஆண்டு இறுதியில் வந்த மாருதி 800, அடுத்த ஆண்டு வந்த ஆம்னி இரண்டுமே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் கொண்டவை. 800-ன் உற்பத்தி 2014-லும், ஆம்னியின் உற்பத்தி 2019-லும் நின்றுவிட்டன. ஆனாலும் காய்கறிப் பெட்டி, பால் கேன், தீவன மூட்டை, ஆஸ்பத்திரி அவசரம் என்று இன்றும் பல வீடுகளில் இவைதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் வரும் கோளாறுகளில் பல எளிமையானவை. எதை முதலில் பார்ப்பது என்று தெரியாததால்தான் செலவு கூடுகிறது.

பயிரில் இலை மஞ்சளானதும் அனுபவமுள்ள விவசாயி உடனே யூரியா மூட்டையைத் தூக்க மாட்டார். தண்ணீர் தேங்கியிருக்கிறதா, மஞ்சள் அடி இலையிலா, கொழுந்திலா என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்வார். காருக்கும் அதே முறைதான். செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கு பாகங்களை ஒரே நாளில் மாற்றினால், கோளாறு எதில் இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

'டக்' சத்தம் மட்டும் வந்தால்...

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கி அணைந்துபோனால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் அப்படியே பளிச்சென்று இருந்து, 'டக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், பல நேரம் அதுதான் முழுக் காரணம். நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். ஆப்பசோடா கலந்த வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, இறுக்கமாக மாட்டி, மேலே வாசலின் தடவினால் போதும். மாட்டும்போது நெகட்டிவ் முனை கடைசியாக வர வேண்டும். சோடா நீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும் என்பதால், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அப்போதும் 12.5-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் சில நாளில் அதே நிலைதான் வரும். பெல்ட், ஆல்டர்னேட்டர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

அவசரத்துக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். சாவியை ஆனில் வைத்து, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டு, வண்டி வேகம் எடுத்ததும் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில் மட்டும் செய்ய வேண்டும். பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் இது பலிக்காது.

சுற்றுகிறது... ஆனால் பிடிக்கவில்லை

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் பொறி வரவில்லை. கார்புரேட்டர் வண்டியில் திரும்பத் திரும்ப ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்துவிடும். பெட்ரோல் வாடை அடித்தால் 10, 15 நிமிடம் விட்டுவிட வேண்டும். பிறகு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிந்தைய இன்ஜெக்‌ஷன் மாடல்களில் சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் டேங்க் பக்கமிருந்து இரண்டு விநாடி 'உய்ங்' என்று பம்ப் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் பியூஸைப் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் மட்டும் தொல்லை கொடுக்கிற வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் ஒயர்களையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். மூடியில் மெல்லிய கீறல் இருந்தால் ஈரத்தில் கரன்ட் கசிந்துவிடும். ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினாலே இன்ஜின் தெரியும். ஒயர்களைக் கழற்றும்போது வரிசை மாறாமல் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டுக்கொட்டகை, தானிய அறைக்குப் பக்கத்தில் நிறுத்துகிற வண்டிகளில் எலி ஒரு தனிப் பிரச்னை. ஒயரைக் கடித்திருக்கலாம். ஏர் பில்டர் பெட்டிக்குள் வைக்கோலைச் சேர்த்துக் கூடு கட்டியிருக்கலாம். வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

பிளக்கைக் கழற்றினால் அதன் முனையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வெளிர் பழுப்பு நிறம் என்றால் நல்ல நிலை. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, அல்லது ஏர் பில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெளுத்துப் போயிருந்தால் சூடு அதிகம், அல்லது பெட்ரோல் போதவில்லை.

ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், மேற்கொண்டு முயற்சி செய்யக் கூடாது. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம்.

சூடு ஏறினால் மூடியைத் தொடாதீர்கள்!

சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய ஓஸ் பைப் வேலை, இன்ஜினைப் பிரிக்கிற வேலையாகிவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, ஓஸ் பைப்பைத் தொட்டால் சுடாத நிலை வந்த பிறகுதான், மூடி மேல் கனத்த துணியைப் போட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடலாம்.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்: கூலன்ட் குறைந்திருக்கிறதா, ஓஸ் பைப்பில் கசிவு உண்டா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, சூடானதும் ஃபேன் சுற்றுகிறதா. நான்கும் சரியாக இருந்தால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். போர்வெல் தண்ணீர் ஊற்றுகிற வண்டிகளில் இது சாதாரணம். சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிந்து துளை அடைப்பதுபோல, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைபடும். டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்டைத்தான் ஊற்ற வேண்டும். வழியில் வேறு வழியின்றிச் சாதாரணத் தண்ணீர் ஊற்றினால், வீடு வந்ததும் வடித்து மாற்றிவிட வேண்டும்.

ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கும்போது ஆயில், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

புகை சொல்லும் சேதி

கரும்புகை என்றால் பெட்ரோல் வீணாகிறது. ஏர் பில்டர், கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். வேகம் எடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். முன்னது சிறிய வேலை, பின்னது பெரிய வேலை. எப்போது புகைகிறது என்பதைப் பார்த்துச் சொன்னாலே பட்டறையில் பல ஆயிரம் மிச்சமாகும். குளிர்காலக் காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளை ஆவி இயல்பானது. வண்டி சூடான பிறகும் அடர்த்தியாக வெண்புகை வந்தால் தண்ணீர் எரிகிறது.

பெட்ரோல் வாடை விடாமல் அடித்தால் அலட்சியம் கூடாது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து எடுக்கப்படும் அதே எத்தனால்தான். ஆனால், பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெடிப்பு, ஊறல் தெரிந்தால் குழாயை உடனே மாற்றிவிட வேண்டும். சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள வண்டியில் பெட்ரோல் கசிவு உயிருக்கே ஆபத்து.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

மற்ற கோளாறுகள் வண்டியை நிறுத்திவிடும். பிரேக் கோளாறு வண்டியை நிற்கவிடாது. பெடல் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் பழுது, அல்லது எங்கோ கசிவு. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைச் சரிபார்த்து, அதன் பிறகும் இழுத்தால் வீல் பிரேக்கைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிரேக் ஆயில் குறைந்தால் வீட்டில் இருக்கிற இன்ஜின் ஆயிலை ஊற்றுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. இது உயிரோடு விளையாடுவது. இன்ஜின் ஆயில் பட்டால் பிரேக்கில் உள்ள ரப்பர்கள் உப்பி, பிரேக் மொத்தமாகச் செயலிழந்துவிடும். மூடியில் போட்டிருக்கிற தரத்திலேயே, பெரும்பாலும் டாட் 3, பிரேக் ஆயில் வாங்க வேண்டும். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். மூட்டை ஏற்றி மலைப்பாதையில் இறங்குகிறவர்கள், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டக் கூடாது.

பிரேக், ஸ்டீயரிங் வேலைகளை யூகத்தில் வீட்டில் செய்ய வேண்டாம். கண்டுபிடிப்பது மட்டும்தான் நம் வேலை. சரிசெய்வது மெக்கானிக் வேலை.

பட்டறையில் எப்படிப் பேசுவது?

'வண்டி சரியில்லை, பாருங்க' என்று விட்டுவிட்டு வந்தால் மெக்கானிக்கும் யூகத்தில்தான் தொடங்குவார். எப்போது, எந்த வேகத்தில், சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, என்ன சத்தம் என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். வேலை தொடங்கும் முன் செலவைக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். வயல் கணக்கு எழுதும் நோட்டிலேயே இரண்டு பக்கம் ஒதுக்கி, தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், செலவு ஆகியவற்றை எழுதி வாருங்கள்.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

'சூடு ஏறாமல் இருக்கத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?'

கூடாது. அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகமாகும். சூட்டுக்கான உண்மையான காரணமும் மறைந்துபோகும்.

'அறுவடை நேரம் தவிர வண்டி நிற்கிறது. என்ன செய்வது?'

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது. முடியாதபோது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்க வேண்டாம்.

'15 ஆண்டு தாண்டிய வண்டிக்குச் செலவு செய்யலாமா?'

சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டுக்குப் பிறகு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கும். அடித்தளத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது உறுதியாக இருந்து, ஓர் ஆண்டின் பழுதுச் செலவு அதே ஆண்டின் வாடகை வண்டிச் செலவைவிடக் குறைவாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அடித்தளம் போய்விட்டால் இன்ஜினுக்குச் செலவழிப்பது வீண்.

சந்தைக்குப் போகும் முதல் நாள் மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவு, டயர் காற்று, பேட்டரி டெர்மினல், வண்டிக்குக் கீழே தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்பது. கடைசியாக ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்பது. கோளாறு மாலையிலேயே தெரிந்துவிட்டால் பட்டறை திறந்திருக்கும், பக்கத்து வீட்டு வண்டியையும் கேட்கலாம். அதிகாலை மூன்றரை மணிக்குத் தெரிந்தால் இரண்டுக்கும் வழியில்லை.