படம் ஏன் வரவில்லை?

2001-இல் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து கம்ப்யூட்டர், அதில் ஒன்றில் மட்டும் நெட். மோடம் கீச்சிட்டு, இரைந்து, லைன் கிடைப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்றே பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அது மணிக்கு 30 ரூபாய்க்கு, விட்டுவிட்டு வந்து சேர்ந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஷிஃப்ட் முடித்த பையன்கள் சீருடையோடு படியேறி வருவார்கள். இணையப் பக்கம் செய்வதற்கான எச்டிஎம்எல்லை நோட்பேடில் எழுதச் சொல்லிக்கொடுப்பேன். பெரும்பாலான குறிகளைத் திறந்தால் மூட வேண்டும். மூட மறந்தால் தலைப்புக்குப் போட்ட தடித்த எழுத்து பக்கத்தின் அடிவரைக்கும் ஓடிவிடும். அதைப் பார்த்து வகுப்பே சிரிக்கும், ஆனால் அதற்குப் பிறகு யாரும் மறக்கமாட்டார்கள்.

ஒரு பையன் ராமானுஜர் கோயிலைப் பற்றிப் பக்கம் செய்தான். பிளாப்பியில் எடுத்துப்போய் வேறு கம்ப்யூட்டரில் போட்டால், கோபுரம் இருக்க வேண்டிய கட்டத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. “சார், அங்க படம் வருது, இங்க வரல.” படம் எங்கே இருக்கிறது என்று தன் கம்ப்யூட்டரின் சி டிரைவ் முகவரியை அப்படியே எழுதிவைத்திருந்தான். பக்கம் பிளாப்பியில் வந்துவிட்டது, படம் அங்கேயே தங்கிவிட்டது. அன்றைக்குத்தான் அவனுக்கு இணையம் என்பது என்னவென்று விளங்கியது. நாம் பார்ப்பது எல்லாம் ஏதோ ஓர் இடத்தில் கிடக்கும் ஒரு ஃபைல்.

அந்தப் பக்கத்தை அவன் ஆங்கிலத்தில்தான் எழுதினான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்திருந்தது. ஆனாலும் தளத்துக்குத் தளம் ஓர் எழுத்துரு. அதை இறக்கி வைத்துக்கொள்ளாதவருக்குத் தமிழ் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். “தமிழ் வேண்டாம், ஆங்கிலத்திலேயே எழுதிடு” என்று நானே சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

2006-இல் நோக்கியா வந்தது. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் உலகத்துக்கே போன்களைத் தயாரித்து அனுப்பினார்கள். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை மூடப்பட்டது. அதற்குள் ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர் என்று வரிசையாக வந்திருந்தன. பிரவுசிங் சென்டர்கள் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடையும் போன் ரிப்பேர் கடையும்.

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். இந்தப் பகுதியில் வேலை பார்க்கும் பெண்களில் போன் இல்லாதவரைப் பார்ப்பது அபூர்வம். யூனிகோடு பரவிய பிறகு எழுத்துருக் கவலையும் ஒழிந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே தமிழில் தட்டுகிறார்கள், கை வலித்தால் பேசியே எழுதுகிறார்கள்.

ஆனால் வேலை முடிந்து பிஎஃப் பணம் எடுக்க வேண்டும் என்றால் ஆன்லைன் வேலை செய்துதரும் கடைக்காரரிடம் போய் நிற்கிறார்கள். பாஸ்வேர்டை அவர்தான் போட்டுக் கொடுத்திருப்பார், அது இவர்களுக்குத் தெரியாது. ஓடிபி போகிற நம்பரோ எப்போதோ தூக்கிப்போட்ட சிம். சொந்த உழைப்பின் காசுக்கு ஒவ்வொரு முறையும் 100, 200 கொடுத்துவிட்டு வருகிறார்கள். நெட் கற்றுக்கொள்ள அன்று வகுப்பு இருந்தது. போன் கையில் இருந்தால் எல்லாம் தெரியும் என்று இன்று நாமாகவே முடிவு செய்துவிட்டோம். குறை அந்தப் பெண்களிடம் இல்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரகடத்தில் மறுபடி வகுப்பு எடுக்கிறேன். முதலில் மெயில், பாஸ்வேர்டு, பிஎஃப் கணக்கு. விருப்பப்பட்டவர்களுக்கு எச்டிஎம்எல். போன மாதம் செய்யாறு பக்கத்துப் பெண் ஒருத்தி தன் ஊர் ஏரியைப் பற்றி, தமிழில், ஒரு பக்கம் எழுதி கிட்ஹப் தளத்தில் ஏற்றினாள்.

“சார், லேப்டாப்ல படம் வருது, போன்ல வரல.”

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அதே வாக்கியம். குனிந்து பார்த்தேன். கேமரா படத்தின் பெயருக்குக் கடைசியில் ஜேபிஜி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது, இவள் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், சர்வர் எடுத்துக்கொள்ளாது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளே இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், திருத்தினாள், ஏற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து போனில், கலங்கல் வழியும் ஏரி மேலிருந்து கீழாக மெல்ல இறங்கி வந்தது.