மேய்ப்பர் குழம்பு

ஹங்கேரி நாட்டின் பெருமை குலாஷ் என்னும் மாட்டுக்கறிக் குழம்பு. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு மாடு மேய்ப்பவர் என்று பொருள். மேய்ச்சல் வெளியில் ஏழைகள் கொப்பரையில் ஆக்கிய உணவு அது. கறியை வெயிலில் காயவைத்தும் எடுத்துப்போவார்கள். நம் சேரியில் கொடியில் காயும் உப்புக்கண்டம் போல.

திருவண்ணாமலையில் என் வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு கிலோ கறிக்கு அரைக் கிலோ வெங்காயம். பொன்னிறமாக வதக்கி, சட்டியை இறக்கிவைத்து, காரம் குறைந்த மிளகாய்த்தூளைக் கலக்க வேண்டும். அடுப்பிலேயே போட்டால் தீய்ந்து கசக்கும். பிறகு கறியும் உப்பும் சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சிறுதீயில் இரண்டு மணி நேரம்.

சன்னலைத் திறந்துவைத்தே சமைத்தேன். வாடகை வீட்டில் இருந்தபோது அதை மூடிவிட்டுத்தான் கறி வேகவைப்போம். வாசம் வெளியே போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரில், 2022 மே மாதம் அறிவித்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் தரவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. மழையைச் சொல்லி விழா தள்ளிப்போனது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

மேய்ப்பர் குழம்பை ஒரு நாடே தன் அடையாளம் என்கிறது. இங்கோ, "நேத்து என்ன குழம்பு?" என்று பள்ளியில் கேட்டால் நம் பிள்ளைகள் கோழி என்கிறார்கள். மாட்டுக்கறி என்றே சொல்லுங்கள், பிள்ளைகளே.